அட்டாரிக்குப் போன வேனில் கேட்ட கேள்வி

(விருத்தாசலத்தில் வாலிபர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

2018 டிசம்பரில் வணிக நண்பர்கள் சிலருடன் அமிர்தசரஸ் போயிருந்தேன். காலையில் பொற்கோயில், ஜாலியன்வாலாபாக். மதியத்துக்கு மேல் அட்டாரி எல்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டிவிடும் வேன் பயணம். வேனில் தொப்பியும் தாடியுமாக இருந்தவன் நான் ஒருவன்தான். பக்கத்து இருக்கைக்காரர் சிரித்துக்கொண்டே இந்தியில் கேட்டார்: "மௌலானா, உங்க ஆளுங்களைப் பார்க்கப் போறீங்களா?"

வேனே சிரித்தது. உருது படித்தவன் நான். ஆனாலும் வாய் வரவில்லை. அந்த மௌனம் இன்றும் உறுத்துகிறது. அன்று சொல்லாத பதிலை இன்று உங்களிடம் சொல்கிறேன்.

அட்டாரியில் பல இடங்களில் சோதனை. பைகளை உள்ளே விடுவதில்லை. விளையாட்டரங்கம் போலப் படிக்கட்டுகள், பாட்டு, கோஷம். எல்லைப் பாதுகாப்புப் படை வீரர்கள் தலைக்கு மேல் காலை வீசி நடக்கிறார்கள். வாயில் திறந்தது. இரு நாட்டு வீரர்களும் கைகுலுக்கினார்கள். சூரியன் மறையும்போது இரண்டு கொடிகளும் ஒன்றாக இறங்குகின்றன. 1959லிருந்து நடக்கும் நிகழ்ச்சி இது. நம் பக்கம் எப்படிக் கத்தினார்களோ, அப்படியேதான் அந்தப் பக்கமும் கத்தினார்கள்.

வழிகாட்டி முள்வேலியைப் பற்றிச் சொன்னார். வேலிக்கு அப்பாலும் நம் நாட்டு நிலம் இருக்கிறது. பஞ்சாப் விவசாயி அனுமதிச் சீட்டைக் காட்டி, சோதனைக்கு நின்று, குறித்த நேரத்தில்தான் தன் வயலுக்கே போக முடியும். இந்தக் கோட்டைப் போட்டவர் ராட்கிளிஃப். அதற்கு முன் இந்தியாவுக்கே வராத அவர், 1947 ஜூலையில் வந்து, ஐந்து வாரத்தில் வேலையை முடித்தார். சுதந்திரம் கிடைத்த இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 17ல்தான் கோடு வெளியானது. முஸ்லிம், சீக்கியர், இந்து என்று லட்சக்கணக்கானோர் மாண்டார்கள்.

வணிகர்களே! அன்று அந்த வழியாகப் பாகிஸ்தானிலிருந்து சிமெண்ட், ஜிப்சம், காய்ந்த பேரீச்சை, நாட்டு மருந்துக் கடை இந்துப்பு எல்லாம் வந்துகொண்டிருந்தன. ஜிப்சத்தைப் பற்றி நம்மூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதைச் சுட்டுப் பொடித்த மாவில்தான் பீங்கான் பொம்மைக்கு அச்சு வார்க்கிறோம். இரண்டே மாதத்தில், 2019 பிப்ரவரியில், புல்வாமாவில் நம் வீரர்கள் 40 பேர் கொல்லப்பட்டார்கள். பாகிஸ்தான் சரக்குக்கு 200 சதவீத வரி வந்தது. ஆகஸ்டில் பாகிஸ்தான் வணிகத்தையே நிறுத்தியது. 2025 ஏப்ரல் 22ல் பஹல்காமில் 26 உயிர்கள் பலி. அட்டாரி சோதனைச் சாவடி மூடப்பட்டது. கொடி நிகழ்ச்சியில் வாயில் திறப்பதும் கைகுலுக்குவதும் நின்றன. அந்தக் கொலைகாரர்கள் எந்த மார்க்கத்தின் பெயரைச் சொன்னாலும் கொலைகாரர்கள்தான். அவர்கள் சுட்டதில் அட்டாரியில் மூட்டை தூக்கிய கூலியின் வீட்டிலும் அடுப்பு அணைந்தது.

வாலிபர்களே! அந்த எல்லையோரத்தில்தான் கேம்கரண் பகுதியின் அசல் உத்தர் இருக்கிறது. தையல்காரர் மகனான ஹவில்தார் அப்துல் ஹமீது, 1965 செப்டம்பர் 10ல் பாட்டன் டாங்கிகளைத் தகர்த்து அங்கேயே உயிர் விட்டார். பரம்வீர் சக்கரம் அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. அந்த வேன்காரருக்கு இவர் பெயரைச் சொல்லியிருக்கலாம். ஆனால் உயிரைக் கொடுத்தவரைக் காட்டித்தான் நாம் இந்த நாட்டுக்காரர் என்று நிரூபிக்க வேண்டுமா?

அதைவிட நேரான பதில் ஒன்று உண்டு. கோட்டைத் தாண்டிப் போக வழி திறந்திருந்த 1947ல், போகாமல் இந்த மண்ணிலேயே நின்றார் என் பாட்டனார். அவர் கபர் இங்கே இருக்கிறது. என் ஆட்கள் விருத்தாசலம் கடைத்தெருவில் இருக்கிறார்கள். சூளையில் என்னோடு டீ குடிக்கும் மாற்று மத நண்பர்களும் அவர்களில் சேர்த்தி.

நாளை உங்களிடமும் யாராவது இதைக் கேட்கலாம். கோபப்படாதீர்கள், என்னைப் போலத் தலையைக் குனிந்தும் உட்காராதீர்கள். கேட்டவர் முகத்தைப் பார்த்து, சிரித்த முகத்தோடு, ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள்.