மோப்பம் நாய்க்கு, முடிவு மனிதனுக்கு

2007-இல் லக்கி, ஃப்ளோ என்ற இரண்டு கறுப்பு லாப்ரடார் நாய்கள் மலேசியா வந்தன. டிவிடி தட்டுகளின் பாலிகார்பனேட் வாடையைக் கண்டுபிடிக்கப் பழக்கப்பட்டவை. திருட்டு டிவிடி கும்பல் அவற்றின் தலைக்கு விலை வைத்ததாகவும் செய்தி வந்தது. ஆனால், அசலுக்கும் போலிக்கும் வாடை ஒன்றுதான். இனம் பிரித்தவர்கள் அதிகாரிகளே.

மோப்பப் போட்டிகளிலும் இதே கதை. கிராம்பு எண்ணெய் வாடையுள்ள பெட்டியைக் கண்டுபிடித்தால் உடனே தீனி கிடைக்கும். பழக்குபவர் தவறான பெட்டியருகே தயங்கி நின்றாலோ, நாய் மூக்கை மறந்து அவர் முகத்தைப் பார்க்கும். அப்போது பிழை யாருடையது?

சித்தியவானில் பகலெல்லாம் சங்கிலியில் கிடக்கும் நாய்க்கும் மூக்கு உண்டு. மூன்று அட்டைப்பெட்டி வையுங்கள். ஒன்றில் மட்டும் தீனி. மாலையில் அவிழ்த்துவிட்டுத் தேட விடுங்கள். நீங்கள் கை காட்டாதீர்கள்.