நிலம் ஆண்டவருடையது
(பொன்விழா நன்றித் திருப்பலியின் முடிவில் பங்குத்தந்தை நிகழ்த்திய உரை)



பொன்விழா என்றதும் கொடியேற்றமும் தோரணமும் சப்பர பவனியும் சமபந்தி விருந்தும் நம் நினைவுக்கு வருகின்றன. இவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும் ‘ஜூபிலி’ என்பதன் பொருளைச் சற்று எண்ணிப் பார்ப்போம். ஐம்பதாம் ஆண்டைப் புனித ஆண்டாகக் கொண்டாடும்படி இறைவன் இஸ்ராயேல் மக்களுக்கு இட்ட கட்டளையை லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அவ்வாண்டில் எக்காளம் முழங்க வேண்டும். கைமாறிய நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும். வறுமையினால் தம்மையே விற்றுக்கொண்டவன் விடுதலையாகி வீடு சேர வேண்டும். ஏன்? நிலம் தமக்குரியது, நீங்கள் என்னிடம் தங்க வந்தவர்களே என்று காரணத்தையும் ஆண்டவர் அங்கேயே உரைக்கிறார். ஆகவே ஜூபிலி என்பது நம் பெருமையைப் பறைசாற்றும் விழா அன்று. ஆண்டவரின் உரிமையை அறிக்கையிடும் விழா.

நாம் இறைவனை ‘ஆண்டவர்’ என்று அழைக்கிறோம். ஆள்பவர் என்பது அதன் பொருள். நாளுக்குப் பத்து முறை அப்பெயரைச் சொல்லுகிற நாம், ஆளப்படுகிறவர்களாக வாழ்கிறோமா என்பதே இன்று நம் முன் நிற்கும் கேள்வி.

போடிநாயக்கனூர் மக்களாகிய நமக்கு இதை விளக்க வெளியூர் உவமை வேண்டியதில்லை. ஏலமலைக் காட்டுத் தோட்டங்களில் பல, ஏலம் பயிரிடுவதற்கென்றே அரசு குத்தகைக்குக் கொடுத்த நிலங்கள். அங்கே நிழல் தரும் பெரிய மரங்களைத் தோட்டக்காரர் தம் விருப்பம்போல் வெட்ட முடியாது. செடி அவருடையது, மரம் அவருடையதன்று. ஆனால் அந்த மரத்தின் நிழல் இல்லையேல் இந்தச் செடி இல்லை! நம் வாழ்வு முழுவதும் இப்படிப்பட்ட குத்தகைதானே? உழைப்பு நம்முடையது, உயிரும் மழையும் வெயிலும் நம்முடையவை அல்ல.

அந்தச் செடியையே பாருங்கள். ஆள் உயரத்துக்கும் மேலே வளர்ந்து நீண்ட இலைகளை விரித்து நிற்கிறது. ஆனால் பூப்பதும் காய்ப்பதும் உச்சியிலா? இல்லை. அடியிலிருந்து கிளம்பி மண்ணை ஒட்டிப் படரும் சரத்தில்தான் பூவும் காயும். அந்தப் பூவும் ஒரே நாளில் வாடிவிடும். அதற்குள் தேனீ வந்து அமர வேண்டும். எத்தனை உரமிட்டாலும் தேனீயை நாம் கட்டளையிட்டு வரவழைக்க முடியுமா? காய் எடுக்கும் பெண்களோ செடியின் காலடியில் குனிந்தால்தான் கூடை நிறையும். நிமிர்ந்து நிற்பவர் கைக்கு வெறும் இலைதான் கிட்டும். தாழ்ச்சி என்னும் புண்ணியத்துக்கு இதைவிட நல்ல மறைக்கல்வி ஏது?

சரி, தாழ்ச்சி என்றால் என்ன? “நான் ஒன்றுக்கும் உதவாதவன்” என்று வாயால் சொல்லிக்கொள்வது தாழ்ச்சி ஆகாது. உள்ளது உள்ளபடி உண்மையை ஒப்புக்கொள்வதே தாழ்ச்சி. கோவிலில் செபித்த பரிசேயன் நோன்பிருந்ததும் பத்தில் ஒரு பங்கு கொடுத்ததும் பொய்யல்ல. ஆனால் அதைத் தன் கணக்கில் எழுதி, தொலைவில் நின்ற ஆயக்காரனை இகழ்ந்தான். ஆயக்காரனோ தன் நிலையை உள்ளபடி ஒப்புக்கொண்டான்; ஏற்புடையவனாக வீடு திரும்பினான்.

நம் வாணிபத்துக்கும் இது பொருந்தும். இன்ன ஊருக்குப் போவோம், ஓராண்டு தங்குவோம், வியாபாரம் செய்து லாபம் எடுப்போம் என்று திட்டமிடுவோரைப் புனித யாக்கோபு தம் திருமுகத்தின் 4-ஆம் அதிகாரத்தில் கண்டிக்கிறார். நாளை நடப்பதை அறியாத நாம், சற்று நேரம் தோன்றி மறையும் புகையைப் போன்றவர்கள் என்கிறார். இது நம் ஏலக்காய்க் கடைவீதிக்கே எழுதியதுபோல் இல்லையா? 2018 ஆகஸ்டு மாதப் பெருமழையில் இடுக்கி மலைகளில் மண் சரிந்தது, செடிகள் அழுகின. அடுத்த ஆண்டு, 2019 ஆகஸ்டில், ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை போயிற்று. அந்த விலையை நம்பிக் கடன் வாங்கியோர் உண்டு. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் விலை ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. 2024 கோடையிலோ வறட்சியால் தோட்டங்கள் கருகின. விலை ஏறியபோது “என் சாமர்த்தியம்” என்றவர், இறங்கியபோது “கடவுள் கைவிட்டார்” என்று சொல்வது நியாயமா? திட்டமிடுவது தவறன்று, ஆண்டவரை விட்டுவிட்டுத் திட்டமிடுவதே தவறு.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ஆண்டவரின் சித்தம் வேறு, தலைவிதி வேறு. இவ்விரண்டையும் நாம் அடிக்கடி குழப்பிக்கொள்கிறோம். விடியுமுன்னே நம் சகோதரிகள் சோற்றுத் தூக்குடன் ஜீப்புகளில் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு அப்பால் கூலி வேலைக்குப் போகிறார்கள். ஏற்ற வேண்டியதற்கு மேல் ஆட்களை ஏற்றிய வண்டி கவிழ்ந்தால், அதை “ஆண்டவர் சித்தம்” என்று சொல்லி முடித்துவிடலாமா? அப்படிச் சொல்வது பக்தியன்று. நம் குற்றத்தை இறைவன் தோளில் ஏற்றுவதாகும். கெத்சமனியில் தந்தையின் சித்தத்துக்குப் பணிந்த இயேசுவே, நோயாளியிடம் “இது உன் விதி” என்று ஒருபோதும் சொன்னதில்லை, தொட்டுக் குணமாக்கினார். ஆகவே ஆண்டவரின் ஆளுகையை ஏற்பவர் கைகட்டி நிற்பவர் அல்லர். நம் கையில் ஒப்படைக்கப்பட்டதைப் பொறுப்போடு செய்து, நம் கைக்கு எட்டாததை அவரிடம் ஒப்படைப்பவரே உண்மையில் தாழ்ச்சியுள்ளவர்.

மேலும், ஆண்டவர் ஒருவர் என்றால் மற்ற எல்லாரும் சமமே. இதைத் தம் இரத்தத்தால் எழுதினார் புனித தேவசகாயம். 1712-இல் நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரசுப் பணியில் செல்வாக்கோடு இருந்தவர். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்னும் திருமுழுக்குப் பெயரே தமிழில் தேவசகாயம் ஆயிற்று. ‘கடவுளே துணை’ என்பது அதன் பொருள். அதன்பின் சாதி வேற்றுமை பாராமல் எல்லாரோடும் பழகினார். 1749-இல் கைதானார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். அரசருக்குப் பணி செய்தவர் அரசருக்கும் மேலான ஆண்டவரை அறிந்துகொண்டார். அறிந்ததனால் மனிதரில் மேல் கீழ் பார்ப்பதை விட்டார். சாதியைச் சுமந்துகொண்டே தாழ்ச்சியைப் பற்றிப் பேசுகிறவர் இவர் பீடத்தின் முன் எப்படி நிற்க முடியும்?

பிரியமானவர்களே, இந்தப் பொன்விழாவை முன்னிட்டு மூன்று தீர்மானங்கள் எடுப்போம்.

முதலாவது, தோட்டமும் வண்டியும் உடையோர், தம் பிள்ளைகளை ஏற்றி அனுப்பத் துணியாத வண்டியில் பிறர் பிள்ளைகளை ஏற்றாதிருப்போம். உரிய கூலியை உரிய நாளில் கொடுப்போம். விலை உயர்ந்த ஆண்டில், குனிந்து எடுத்த கைகளையும் நினைப்போம்.

இரண்டாவது, ஏலக்காயைச் சல்லடையிலிட்டு, பெரியது சிறியது என்று தரம் பிரிக்கும் வேலை நம் வீட்டுப் பெண்களுக்குப் பழக்கமானது. காய்க்கு அது தகும், மனிதருக்குத் தகாது. கோவிலில் முதல் வரிசை யாருக்கு, சப்பரத்தை முதலில் தூக்குவது யார் என்னும் பேச்சு இனி நம்மிடையே வேண்டாம்.

மூன்றாவது, இம்மலரின் கடைசிப் பக்கங்களில் நன்கொடையாளர் பெயர்கள் அச்சாகியுள்ளன. அவர்களுக்கு நம் நன்றி என்றும் உரியது. ஆனால் பெயர் அச்சாகாத காணிக்கைகளும் உண்டு. காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட கைம்பெண்ணின் பெயரை நற்செய்தி எழுதவில்லை. ஆண்டவரோ அவள் கொடுத்ததையே எல்லாரிலும் மேலாக எண்ணினார். பெயர் வந்தால் நன்றி சொல்வோம். வராவிட்டால் மகிழ்ச்சி கொள்வோம்.

கடவுள் வடிவில் இருந்தும் தம்மையே வெறுமையாக்கி, சீடர்களின் கால்களைக் கழுவக் குனிந்த இயேசுவே நம் முன்மாதிரி. தம் தாழ்நிலையை ஆண்டவர் கடைக்கண் பார்த்தார் என்று மகிழ்ந்து பாடிய அன்னை மரியாள் நமக்காகப் பரிந்து பேசுவாராக. இந்த ஆலயத்தை நமக்கு விட்டுச்சென்ற நம் முன்னோர் இன்று கல்லறைத் தோட்டத்தில் துயில்கின்றனர். நாமும் ஒருநாள் இதைப் பின்வருவோர் கையில் விட்டுச் செல்வோம். ஆண்டவர் மட்டும் நிலைத்திருப்பார். அவருடைய குடிகளாய், ஒருவர்க்கொருவர் பணிவிடைக்காரராய் வாழ அவரே நமக்கு அருள்புரிவாராக.

ஆமென்.