எல்லையை வரைவது ஏடா, மக்களா?

(உக்ரைன் குறித்துச் சித்தூரில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



இன்றைய உக்ரைன் போல்ஷ்விக்குகளின் படைப்பு, லெனினே அதன் சிற்பி என்று 2022 பிப்ரவரி 21 அன்று ரஷ்ய அதிபர் புடின் குற்றம் சாட்டினார். மூன்றாம் நாள் அவரது படை உள்ளே புகுந்தது. நேட்டோவின் கிழக்கு நோக்கிய விரிவாக்கத்தை நாம் எதிர்க்கிறோம். அதன் பொருட்டு, ஒரு தேசிய இனத்தையே இல்லையென்று மறுக்கும் வாதத்தை ஏற்க இயலாது.

லெனின் உக்ரேனியரைப் படைக்கவில்லை. 1876இலேயே ஜார் அரசு உக்ரேனிய மொழி நூல்களுக்குக் கடுந்தடை விதித்தது. இல்லாத மொழிக்குத் தடை எதற்கு? 1922இல் குடியரசுகளை ரஷ்யாவின் தன்னாட்சிப் பகுதிகளாக்கும் ஸ்டாலினின் திட்டத்தை லெனின் எதிர்த்தார். பிரிந்து செல்லும் உரிமையுள்ள குடியரசுகளின் ஒன்றியம் பிறந்தது. 1923 முதல் பள்ளியிலும் அலுவலகத்திலும் உக்ரேனிய மொழி வளர்க்கப்பட்டது. 1930களில் அக்கொள்கை கைவிடப்பட்டது; 1932-33 பஞ்சத்தில் பல லட்சம் பேர் மடிந்தனர். இவற்றை மறைத்துவிட்டு லெனினைப் போற்றுவதில் பொருளில்லை. 1991 டிசம்பர் 1 பொது வாக்கெடுப்பில் 90 விழுக்காட்டினருக்கும் மேல் விடுதலையை ஆதரித்தனர். ரஷ்ய மொழி பேசுவோர் மிகுந்த தொனெட்ஸ்கிலும் ஆதரவு 80 விழுக்காட்டைத் தாண்டியது.

பழைய வரலாற்றைக் காட்டி மண்ணுக்கு உரிமை கோரும் வாதம் நமக்கும் புதிதன்று. தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் வட எல்லையாக வேங்கடத்தைக் குறிக்கிறது. அதைக் காட்டித் திருப்பதியைக் கேட்டோர் உண்டு. சென்னையைக் கேட்டோர் மறுபுறம் உண்டு. பொட்டி ஸ்ரீராமுலுவின் உயிர்த்தியாகத்துக்குப் பின் 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் பிறந்தபோது, சித்தூர் மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. ம.பொ.சி., மங்கலங்கிழார் முதலியோர் வட எல்லைப் போராட்டத்தை முன்னெடுத்தனர். படாஸ்கர் பழம்பாடல்களை அளவுகோலாகக் கொள்ளவில்லை. கிராமத்தை அலகாக வைத்து, அங்கு வாழ்வோரின் மொழியையும் நிலத்தொடர்ச்சியையும் கணக்கிட்டார். 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கும் சத்தியவேடு ஆந்திரத்துக்கும் சென்றன. படை எதுவும் நகரவில்லை. தமிழ் பயின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: பாயிரம் நமது பெருமை, அது நிலப்பட்டா அன்று.

எனினும் எந்தக் கோடும் மக்களை முழுமையாகப் பிரித்துவிடாது. இப்பக்கம் தமிழரும் அப்பக்கம் தெலுங்கரும் இருக்கவே செய்கின்றனர். தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யுமாறு அரசியலமைப்பின் 350அ பிரிவு மாநிலங்களைப் பணிக்கிறது. ஆனால் மொழிச் சிறுபான்மைப் பள்ளியில் ஓர் ஆசிரியர் ஓய்வு பெற்றால், அந்த இடம் நிரப்பப்படும் என்பதற்கு உறுதியில்லை. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தால் தமிழ்நாட்டின் தெலுங்கு மாணவர்கள் நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. உக்ரைனின் 2019ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் ரஷ்ய மொழி பேசுவோரிடையே அச்சத்தை விதைத்தது. நேற்று ஒடுக்கப்பட்ட மொழி இன்று ஆட்சி மொழியானதும், தன் பழைய துயரை மறந்துவிடக் கூடாது.

ஆகவே, உக்ரேனியரின் சுயநிர்ணய உரிமைக்குக் குரல் கொடுக்கும் நாம், சித்தூரில் தமிழ்க் குழந்தைக்கும் திருத்தணியில் தெலுங்குக் குழந்தைக்கும் ஆசிரியர் வேண்டுமென ஒரே குரலில் கோர வேண்டும். தூரத்து மக்களுக்கு ஒரு நீதி, பக்கத்து வீட்டுக்கு வேறு நீதி என்பது சர்வதேசியம் ஆகாது.