பத்திரங்களைப் படம் எடுக்கும்போது

தோட்டத்து வீடுகளில் பிறப்புப் பத்திரமும் சேமநிதிக் கடிதங்களும் எங்கே இருக்கும்? தகரப் பெட்டியின் அடியில், இல்லையென்றால் மெத்தைக்குக் கீழே. கரையானும் வெள்ளமும் அங்கேதான் முதலில் வருகின்றன. ஆகவே அவற்றைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள் என்று பெற்றோர்களிடம் சொல்லி வருகிறேன்.

சொல்லுகிற நானே ஒருமுறை தவறிவிட்டேன். என் மாணவி ஒருத்தியின் தாயார், பிளாஸ்டிக் உறையிட்ட தம் பிறப்புப் பத்திரத்தை இரவில் கொண்டுவந்தார். மேசைமேல் வைத்து, பிளாஷ் போட்டு எடுத்துக் கொடுத்தேன். பெயர் தெரிந்தது, ஊர் தெரிந்தது. அடுத்த மழைக்காலத்தில் வெள்ளம் புகுந்து பெட்டியைக் கொண்டுபோயிற்று. படத்தைத் திறந்து பார்த்தால், பதிவு எண் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு! அந்த எண் இருந்தால் பழைய பதிவைத் தேடுவது எளிது. அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு வேதனை.

வழவழப்பான பரப்பில் ஒளி எந்தச் சாய்வில் விழுகிறதோ, அதே சாய்வில் திரும்பும். பிளாஷ் கேமராவை ஒட்டியே இருப்பதால், பட்ட ஒளி நேரே கேமராவுக்குள் திரும்புகிறது.

பகல் வெளிச்சமே சிறந்தது. காலையில் அஞ்சடியில், வெயில் நேரே படாத இடத்தில் பத்திரத்தைப் பலகைமேல் விரியுங்கள். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வரட்டும். மறுபக்கத்தில் வெள்ளை அட்டை ஒன்றை நிறுத்தினால் இருண்ட ஓரமும் தெளியும். வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள், உங்கள் நிழலே எழுத்தை மறைத்துவிடும். கேமராவைச் சாய்க்காமல் நேர் மேலே பிடியுங்கள்.

இரவில்தான் முடியுமென்றால், ஒரே நிற ஒளி தரும் இரண்டு மேசை விளக்குகளை இடமும் வலமுமாக, 45 பாகைச் சாய்வில் வையுங்கள். கூரை விளக்கை அணைத்துவிடுங்கள். பிறகு, முகம் பார்க்கும் சிறு கண்ணாடியைப் பத்திரத்தின்மேல் அங்கங்கே வைத்து, கேமரா இருக்கும் இடத்திலிருந்து பாருங்கள். கண்ணாடியில் விளக்கு தெரிந்தால் படத்திலும் பொட்டு விழும். விளக்கை நகர்த்துங்கள். மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து தெரிந்தால், அடியில் கறுப்புத் தாள் வைத்தால் போதும். அழுத்து முத்திரை மட்டும் இதற்கு விலக்கு. அதற்கு விளக்கை ஒரு பக்கமாக, மிகத் தாழ்வாகப் பிடித்துத் தனிப்படம் எடுக்க வேண்டும்.

படம் மூலப் பத்திரத்துக்கு ஈடாகாது. அதைப் பத்திரமாக வைத்திருக்கத்தான் வேண்டும். எடுத்தவுடன், மூலம் கையில் இருக்கும்போதே, படத்தைப் பெரிதாக்கி எண்ணை ஒவ்வோர் இலக்கமாக வாசித்துச் சரிபாருங்கள். நான் அன்று செய்யாதது இதைத்தான். அந்த அம்மாவோடு நானும் இலாகாவுக்குப் போய்வந்துகொண்டிருக்கிறேன். பதிவு இன்னும் கிடைக்கவில்லை.