தீ போன பிறகு எந்த மரம் பிழைக்கும்?

காட்டுத்தீன்னு சொன்னதும் நெருப்பு எந்தப் பக்கம் போகும்னுதான் எல்லாரும் கேட்பாங்க. இன்னைக்கு நாம பேசப்போறது அதுக்கு அடுத்த கேள்வி. தீ அடங்கின பிறகு எந்த மரம் பிழைக்கும், எது சாகும்? அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், மிசூலா என்ற ஊரில் ஒரு தீ ஆய்வுக்கூடம் இருக்கிறது. இதைக் கணிக்கவே அவர்களிடம் 'ஃபோஃபெம்' என்று ஒரு மென்பொருள் உண்டு.

அதற்குள் இருக்கும் முக்கியமான சமன்பாடு ரயன், ரைன்ஹார்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1988-ல் வெளியிட்டது. ஏழு வகை ஊசியிலை மரங்களை வைத்து உருவாக்கினார்கள். அது கேட்பது ரெண்டே விஷயம்: பட்டை எவ்வளவு தடிமன்? மேலே இருக்கிற இலைப்பரப்பில் எவ்வளவு கருகியது?

பாதி இலை கருகிய ரெண்டு மரங்களை எடுத்துக்குவோம். ஒன்றின் பட்டை 5 செ.மீ., இன்னொன்றுக்கு 1 செ.மீ. கணக்குப் போட்டால், முதல் மரம் சாக வாய்ப்பு சுமார் 10 சதவீதம். ரெண்டாவதுக்கு 75-ஐத் தாண்டிடும்! ஆனா இது மரத்துக்கு ஜாதகம் இல்லைங்க. இப்படி நூறு மரம் இருந்தா பத்து போகும்னு சொல்லும். எந்தப் பத்துன்னு சொல்லாது.

பெரிய தீயைத் தவிர்க்க, காற்றும் ஈரமும் தோதான நாள் பார்த்து வனத்துறையே சின்னத் தீ வைப்பது அங்கே வழக்கம். சுவாலை எவ்வளவு உயரம் போகலாம்னு முடிவு பண்ண இந்தக் கணக்கு உதவும்.

சிக்கல் வருவது வயசான பாண்டரோசா பைன் மரங்களில். முன்பெல்லாம் சில வருஷத்துக்கு ஒருமுறை தரைத்தீ வந்து சருகை எரிச்சுட்டுப் போயிடும். 20-ம் நூற்றாண்டில் வந்த தீயையெல்லாம் அணைத்தார்கள். விளைவு, மரத்தடியில் சருகும் மக்கும் மெத்தை மாதிரி குவிந்துவிட்டது. அதில் தீப்பிடித்தால் பெரிய சுவாலை வராது. மணிக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும், சூடு கீழே இறங்கி வேர் வெந்துபோகும். மேலே பார்த்தால் இலை பச்சை, பட்டையும் நல்ல தடிமன். சமன்பாடு 'பிழைக்கும்'னு சொல்லிடும். மண் எவ்வளவு சூடாகும்னு ஃபோஃபெம் தனியாகக் கணக்கிடத்தான் செய்கிறது. ஆனா அந்த எண் இந்தச் சமன்பாட்டுக்குள் வராது.

அதனால சில இடங்களில் தீ வைக்கும் முன் ஆட்கள் வாருகோலோடு போய், ஒவ்வொரு கிழ மரத்தின் அடியிலிருந்தும் அந்த மக்கை இழுத்து அப்புறப்படுத்துகிறார்கள்.