உரம் கூடினால் பூ நிற்காது

கடையில் வாங்கிய ரோஜா மறுநாளே தலை தொங்கிவிடுகிறதா? உங்கள் பூச்சாடியைக் குறை சொல்லாதீர்கள். காரணம், பூ வளர்ந்த தோட்டத்திலேயே இருக்கலாம். அங்கே உரம் கூடிப்போயிருக்கலாம்.

ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடில்களில் ரோஜா வளர்க்கிறார்கள். உரத்தை மொத்தமாகக் கொட்டுவதில்லை. தண்ணீரில் கரைத்து, சொட்டுநீர்க் குழாய் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறார்கள். குழந்தைக்கு ஒரு வாரச் சோற்றை ஒரே நாளில் ஊட்டுவோமா?

உரத்தில் உள்ள தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், செடிக்கு வேண்டும்தான். குறைந்தால் இலை வெளிறும், தண்டு குட்டையாகும். தண்டோடு வெட்டி விற்கும் கொய்மலருக்கோ தண்டு நீளமாக இருந்தால்தான் நல்ல விலை. அதற்காகத் தழைச்சத்து உரமான யூரியாவை அள்ளிப் போட்டால் இலை கரும்பச்சையாகச் செழிக்கும். பார்க்கிறவர் கண்ணுக்கு நிறைவு, பூ வியாபாரிக்கு நஷ்டம்! தண்டு வலுவிழக்கும். பூக்கத் தாமதமாகும். பறித்த பூ சீக்கிரம் வாடும். உரம் கூடினால் பூ நிற்காது. மண்ணில் உப்பு சேர்ந்து இலை ஓரம் கருகவும் செய்யும்.

வீட்டுத் தொட்டியில் சாமந்தி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. மொட்டு வந்ததும் 'பூ பெரிதாகட்டும்' என்று கைநிறைய உரம் போடத் தோன்றும். போடாதீர்கள். மொட்டில் நிறம் தெரிந்ததும் தழைச்சத்தை நிறுத்திவிடுங்கள். தண்ணீர் மட்டும் போதும். பறித்த பூ கூடுதல் நாள் வாடாமல் இருக்கும்.