தங்க இடம், மூன்று வேளைச் சோறு, அப்புறம் கேமரா



பெரம்பலூர் மாவட்டத்து எறையூரில் வேலை என்றால் நெடுங்காலமாக எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சர்க்கரை ஆலை. அதை நம்பிக் கரும்பு போட்ட குடும்பங்கள் சுற்றுவட்டாரத்தில் ஏராளம். 2022 நவம்பரில் அதே ஊர் சிப்காட் தொழிற்பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். காலணித் தொழில் வந்தது. படித்த பெண்ணுக்கு வீட்டிலிருந்தே பஸ் ஏறிப் போய்வர ஒரு வேலை. நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பெண், "டி.வி.யில எடிட்டர் ஆகணும்" என்று சொல்லிப் பார்க்கட்டும். வீட்டில் எழும் முதல் கேள்வி, "அதுக்கு எங்க போய்ப் படிக்கிறது?" அடுத்தது, "அங்க யார் வீட்டுல தங்குவ?"

முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது. சென்னை தரமணியில் தமிழக அரசின் எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம். பி.சி. ஸ்ரீராமும் ராஜீவ் மேனனும் ஒளிப்பதிவு கற்ற இடம். ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் என்று பட்டப்படிப்புகள் உண்டு. தனியார் கல்லூரிகளோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு. இடங்களும் குறைவு.

கதவை அடைப்பது இரண்டாவது கேள்விதான். படிப்பு முடிந்து ஒரு தொடரில் உதவியாளராகச் சேரும் பையனுக்குச் சாப்பாடும் பேட்டாவும் கிடைக்கும். சம்பளம் என்று சொல்லும்படி ஒன்று கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை ஊரிலிருந்து பணம் வருகிறவன் தாக்குப்பிடிக்கிறான். கூலிக்குப் போகும் வீட்டுப் பிள்ளை ஊருக்கே பஸ் ஏறிவிடுகிறான். அவனுக்குத் திறமை போதவில்லை என்று ஊர் பேசும். போதாமல் போனது வாடகைப் பணம்.

இயக்குநர் வெற்றிமாறனுக்கு இது தெரிந்திருக்கிறது. லயோலா கல்லூரிப் பேராசிரியராக இருந்த ராஜநாயகத்துடன் சேர்ந்து அவர் சென்னையில் தொடங்கிய திரை-பண்பாட்டு ஆய்வகம், குடும்பத்தில் முதல் பட்டதாரிகளாக வரும், வசதியற்ற வீட்டு இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து ஓராண்டு பயிற்சி தருகிறது. கட்டணம் இல்லை, தங்குமிடமும் சாப்பாடும் ஆய்வகத்தின் பொறுப்பு. 2022-இல் தயாரிப்பாளர் கலைப்புலி எஸ். தாணு இதற்கு ஒரு கோடி ரூபாய் கொடுத்தார். சினிமாவை முன்வைத்த பயிற்சிதான் என்றாலும், ஒலிவாங்கி பிடிக்கவும் காட்சியை வெட்டி ஒட்டவும் தெரிந்தவருக்குச் சின்னத்திரை அந்நிய ஊர் அல்ல.

ஆளைச் சென்னைக்கு அழைக்காமல் பயிற்சியையே ஊருக்குக் கொண்டுபோனால்? அதற்கும் முன்மாதிரி இருக்கிறது, தெலங்கானாவில். ஜகீராபாத் பக்கம் பஸ்தாபூர் என்ற கிராமம். தூர்தர்ஷனில் நிகழ்ச்சித் தயாரிப்பாளராக இருந்த பி.வி. சதீஷ், தக்காண மேம்பாட்டுச் சங்கத்தின் வழியாக அங்கே தலித் பெண்களின் கையில் வீடியோ கேமராவைக் கொடுத்தார். அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது; நாள்கூலிக்குக் களையெடுத்தவர்கள். கேமராக் கோணங்களைத் தங்கள் வாழ்க்கையை வைத்தே பிடித்துக்கொண்டார்கள். மேலிருந்து கீழே பார்த்தால் பட்டேல் ஷாட், நிலக்கிழார் பார்ப்பது போல. கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் அடிமை ஷாட். கண்ணுக்கு நேராக வைத்தால் சங்கம் ஷாட். சங்கக் கூட்டத்தில் எல்லோரும் ஒரே தரையில் உட்காருவார்களே, அதனால். எந்தத் திரைப்படக் கல்லூரியும் இதைவிடத் தெளிவாக ஒரு பாடத்தை நடத்திவிடாது. சிறுதானியத்தையும் விதையையும் பற்றி அவர்கள் எடுத்த படங்கள் வெளிநாடு வரை போயின. 2008 அக்டோபரில் சங்கம் ரேடியோ என்ற சமுதாய வானொலியையும் அந்தப் பெண்கள் தொடங்கினார்கள்.

எறையூருக்கு அப்படி ஒரு சதீஷ் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரும் ஆசிரியர்களும் இப்போதே பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தரமணியில் இயக்கமோ படத்தொகுப்போ படிக்க, பிளஸ் டூவில் எந்தப் பிரிவாக இருந்தாலும் சரி. ஒளிப்பதிவுக்கும் ஒலிப்பதிவுக்கும் இயற்பியல், வேதியியல் கேட்கிறார்கள். கேமரா ஆசையுள்ள பிள்ளை, "வணிகவியல் சுலபம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டால், அந்த இரண்டு படிப்புக்கும் விண்ணப்பப் படிவத்தையே நிரப்ப முடியாது.